நின்று காய்ச்சியது

என் பெரியப்பா எதையும் இரண்டே தரமாகத்தான் பிரிப்பார். நின்று காய்ச்சியது, உட்கார்ந்து காய்ச்சியது. வெல்லத்துக்காகச் சொன்ன தரம் அது. ஆனால் கல்யாண வீட்டுச் சாம்பார், கொத்தனார் பூசிய சுவர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நடத்திய பாடம் என்று எல்லாவற்றுக்கும் அதையேதான் சொல்வார். "இது நின்னு காய்ச்சினதுடா" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு பாராட்டு அவரிடம் கிடையாது.

எங்கள் ஊர் பெண்ணாடம். விருத்தாசலத்திலிருந்து அரியலூர் போகும் ரயில் பாதையில் இருக்கிறது. மெய்கண்டார் பிறந்த ஊர். பிரளயகாலேஸ்வரர் கோயில் விமானத்தைப் பின்பக்கமிருந்து பார்த்தால் ஒரு யானை படுத்துத் தூங்குவது போல முதுகு வளைந்திருக்கும். அதனால்தான் தலத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். தை பிறந்துவிட்டால் வெள்ளாற்றுப் பக்கத்துக் கொல்லைகளில் கரும்பு ஆலை போடுவார்கள். பகலில் வெட்டு, சாயங்காலம் சாறு பிழிவது, ராத்திரி முழுக்கக் காய்ச்சல். ஊருக்குள் படுத்திருந்தால்கூட, காற்று திரும்பும்போது பாகு வாசம் திண்ணை வரைக்கும் வரும். இன்று எந்தக் கொப்பரை எந்த நிலையில் இருக்கிறது என்று படுத்தபடியே பெரியப்பா சொல்வார்.

அவருடைய வேலை பதம் பார்ப்பது. பிழிந்த சாற்றை அகலமான இரும்புக் கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையைப் போட்டு எரிப்பார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டதும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அரிகரண்டியால் வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுக்குப் போனதும் சாறு தெளியும். பிறகு நிறம் இறுகி, குமிழ் சிறுத்துத் தடிக்கும். அதுவரை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்களுக்குத்தான் பெரியப்பா. ஒரு கையில் துடுப்பு, பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர். முதலில் முகர்வார். பிறகு துடுப்பைத் தூக்கி, பாகு கம்பியாக இழுக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஒரு துளியைத் தண்ணீரில் விடுவார். கரைந்தால் இன்னும் வேண்டும். உருட்ட வந்தால் இறக்கு. ஒரு நிமிடம் முந்தினால் வெல்லம் கசியும், ஒரு நிமிடம் பிந்தினால் கருகும். "மூக்கு சொன்ன பொறவுதாண்டா நாக்கு" என்பார். அவர் பாகை வாயில் போட்டு நான் பார்த்ததில்லை.

குடி என்றால் என்ன என்பதையும் அந்தக் கொல்லையில்தான் தெரிந்துகொண்டேன். 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது எனக்கு நான்கு வயது. 1974இல் திரும்ப வந்தது. 1981இல் மறுபடி கடைகள் திறந்தன. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஏதோ ஒரு சாராயம் எங்கேயோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கொப்பரைக்குத் தீ தள்ளுவதற்கு ஓர் அண்ணன் வருவார். சக்கையை எவ்வளவு, எந்தப் பக்கம், எப்போது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. அப்படி ஒரு கை. ஒரு மாசி ராத்திரி அவர் குடித்துவிட்டு வந்து, அடுப்பை நிறைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனார். பெரியப்பா வேறொரு கொப்பரையில் இருந்தார். அடிப்பிடித்த வாசம் வந்து அவர் ஓடி வருவதற்குள் பாகு முழுக்கக் கறுத்துவிட்டது. யாரும் திட்டவில்லை. அந்த அண்ணன் கொப்பரை விளிம்பைப் பார்த்தபடி விடியும் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த சில வருஷங்களில் கால் காணி நிலமும் போய், அவரும் போய்ச் சேர்ந்தார். அவருடைய பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பிட்டார்கள். அம்மா அன்றிலிருந்து அந்தப் பேச்சையே வீட்டுக்குள் விடமாட்டாள். எனக்கும் நாற்பது வயது வரை ஒரு சொட்டுகூட உள்ளே போனதில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்து விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ சேர்ந்தேன். பொம்மை, கப்பு, மின்கம்பத்துப் பீங்கான் என்று விருத்தாசலம் சூளைகளால் வாழ்ந்த ஊர். சூளையில் வேலை கற்றுக்கொள்வதும் பதம் கற்றுக்கொள்வதுதான். வெந்த கப்பை விரல் கணுவால் தட்டினால் மணிச் சத்தம் வரவேண்டும். சத்தம் செத்திருந்தால் எங்கோ விரிசல். தீயின் நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்லும் வயதானவர்கள் அங்கே இருந்தார்கள். பெரியப்பாவுக்கு அவர்களைப் பார்க்காமலேயே பிடித்துப்போயிற்று.

2007ஆம் ஆண்டு, நான் வேலை பார்த்த நிறுவனம் புதுச் சூளை ஒன்று வாங்குவதற்காக என்னை மூன்று மாதம் இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஸ்டோக் ஆன் ட்ரென்ட். இருநூறு வருஷத்துக்கு மேல் பீங்கானாலேயே வாழ்ந்த நகரம். எனக்குச் சூளை பழக்கிக் கொடுத்தவர் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பேச்சு குறைவு. தீயைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவார். அக்டோபரில் ஒரு வார விடுமுறைக்கு அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் என்னையும் கூட்டிப்போனார். ஸ்பே ஆற்றங்கரை. போகிற வழியிலேயே சொல்லிவிட்டேன், நான் குடிப்பதில்லை என்று. "நான் உன்னைக் குடிக்கக் கூப்பிடவில்லை. ஒரு அடுப்பைக் காட்டக் கூட்டிப்போகிறேன்" என்றார்.

அவர் காட்டியது கிளென்ஃபார்க்ளஸ் வடிசாலை. பென் ரின்னஸ் மலையடிவாரத்தில் தனியாக இருக்கிறது. மலையின் உயரம் 840 மீட்டர், அதன் ஊற்றுத் தண்ணீர்தான் விஸ்கிக்கு. 1836இல் உரிமம் பெற்ற இடம். 1865இல் ஜான் கிராண்ட் என்ற விவசாயி அதை 511 பவுன் 19 ஷில்லிங்குக்கு வாங்கினார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் எனக்குப் பெண்ணாடம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆறு செம்புப் பானைகள். ஒவ்வொன்றும் ஒரு யானை அளவு. உருண்ட வயிறு, மேலே மெலிந்து நீண்ட கழுத்து, தும்பிக்கை மாதிரி வளைந்து வெளியே போகும் குழாய். பெரும்பாலான வடிசாலைகள் பானைக்குள் நீராவிக் குழாய் வைத்துச் சூடேற்றுகின்றன. இங்கே பானைக்கு அடியில் நேராக எரிவாயுத் தீ. ஒருமுறை ஒரு பானையை நீராவிக்கு மாற்றிப் பார்த்தார்களாம். சில வாரத்திலேயே சரக்கின் கனம் குறைவது தெரிந்து, பழையபடி தீக்கே திரும்பிவிட்டார்கள்.

நேர்த்தீயில் ஒரு ஆபத்து உண்டு. முதல் பானையில் ஊற்றுவது வாற்கோதுமை ஊறல். முளைகட்டிய வாற்கோதுமையை அரைத்து, வெந்நீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த கலங்கல். அதில் மிதக்கும் கசடு அடியில் படிந்து கருகிவிடும். அதற்காகப் பானைக்குள் ஒரு தண்டில் செம்புச் சங்கிலியைக் கோத்து, அது அடித்தரையைத் தேய்த்தபடி சுற்றிக்கொண்டே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். பானை மேல் கையை வைத்தேன். உள்ளே சங்கிலி நகர்வது செம்பு வழியாக உள்ளங்கைக்கு வந்தது. பெரியப்பாவின் துடுப்பு.

அடுத்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. பித்தளைச் சட்டம், பூட்டு. வடிந்து வருவது அதற்குள்தான் ஓடும். முதலில் வருவது தலை, கடைசியில் வருவது வால். இரண்டும் ஆகாது, திரும்பவும் பானைக்கே போய்விடும். நடுவில் வரும் இதயத்தை மட்டும்தான் பீப்பாய்க்கு எடுக்க வேண்டும். வரிக் கணக்கு காரணமாகப் பூட்டியிருப்பதால், வடிப்பவர் அதைத் தொட்டோ குடித்தோ பார்க்க முடியாது. அப்படியானால் தலை எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வெளியிலிருக்கும் பிடியைத் திருகி, ஓடிவருவதில் தண்ணீர் சேர்ப்பார்கள். தலையாக இருந்தால் கலங்கும். இதயம் தொடங்கிவிட்டால் தண்ணீர் சேர்த்தாலும் தெளிவாக நிற்கும். கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது. வெள்ளாற்றங்கரையிலும் ஸ்பே கரையிலும் கடைசித் தீர்ப்பைத் தண்ணீர்தான் சொல்கிறது.

பிறகு பண்டகசாலை. தடித்த கல்சுவர், ஓட்டுக்கூரை, மண்தரை. உள்ளே ஈரக் குளிர். ஸ்பெயின் தேசத்து ஷெர்ரி ஒயின் இருந்து காலியான ஓக் மரப் பீப்பாய்கள் மூன்று அடுக்காகப் படுத்துக்கிடந்தன. ஸ்காட்ச் என்று சொல்ல வேண்டுமானால் ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணில், குறைந்தது மூன்று வருஷம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். பலதும் பத்து, இருபது வருஷம் கிடக்கும். பீப்பாயில் நிரப்பும்போது பொதுவாக 63.5 சதவீதம் சாராயம். மரத்தின் துளை வழியாக வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் காற்றில் போய்விடும். அதற்குத் தேவதைகளின் பங்கு என்று பெயர். அந்தக் குளிரில் சாராயத்தின் வீரியமும் மெல்ல மெல்ல இறங்கும்.

பீப்பாயிலிருந்து எடுத்ததில் தண்ணீர் கலந்து 40 அல்லது 43 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புட்டியில் அடைப்பதுதான் வழக்கம். தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்தோடேயே அடைத்தால் அது காஸ்க் ஸ்ட்ரெங்த். 1968இல் ஜார்ஜ் எஸ். கிராண்ட் கிறிஸ்துமஸ் பரிசாக உறவுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க இப்படி அடைத்ததுதான் கிளென்ஃபார்க்ளஸ் 105 என்பதன் தொடக்கம். 105 என்பது பழைய பிரிட்டிஷ் புரூஃப் கணக்கு. 100 புரூஃப் என்றால் 57 சதவீதத்துக்குச் சற்று மேல், 105 என்றால் 60. நம் ஊர்ப் புட்டிகளில் 42.8 என்று அச்சடித்திருப்பதும் அதே கணக்கின் மிச்சம்தான். அது 75 புரூஃப்.

அன்று சாயங்காலம், என்னைக் கூட்டிப்போன ஸ்காட்லாந்துப் பெரியவரின் அக்கா வீட்டில், சமையலறை மேசையில் அந்த 105ஐ வைத்தார். கூடவே அடி உருண்டு வாய் குறுகிய இரண்டு சின்னக் கண்ணாடிக் கோப்பைகள், ஒரு குவளைத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி, ஒரு நோட்டு. ஒரு விரற்கடைக்கும் குறைவாக ஊற்றினார். "குடிக்க வேண்டாம். முகர்ந்து பார்" என்றார். பெரியப்பாவின் குரல்தான் காதில் விழுந்தது. அம்மாவுக்கு மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்தேன்.

முதலில் நிறம். பழைய வெண்கலக் குத்துவிளக்கின் நிறம். ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. இதில் அது கிடையாது, மரம் கொடுத்த நிறம் மட்டும்தான். பிறகு மூக்கு. கோப்பைக்குள் மூக்கை விட்டேன். 60 சதவீதச் சாராயம் ஊசியாகக் குத்திக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து நெஞ்சு உயரத்துக்கு இறக்கினார். "அது வரட்டும். நீ போகாதே." கோப்பையை நெஞ்சிலிருந்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆழமாக இழுக்காமல், பூவை முகர்வது போலச் சின்னச் சின்னதாக. ஒரு நாசி, பிறகு மறு நாசி. நடுவில் கோப்பையை வைத்துவிட்டு வேறு பேசலாம். பத்து நிமிடம் கழித்து அதே கோப்பை வேறு வாசம் சொல்லும்.

நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொடுத்தார். நிறம், மூக்கு, வாய், நீடிப்பு. விஸ்கி பற்றிய புத்தகம் ஒன்று மேசையில் இருந்தது. அதைப் புரட்டி, நானும் கௌரவமாக எழுதினேன்: ஷெர்ரி, கிறிஸ்துமஸ் கேக், ஆரஞ்சு மார்மலேட். அவர் வாங்கிப் படித்தார்.

"சின்ன வயசில் கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டிருக்கிறாயா?"

"இல்லை."

"மார்மலேட்?"

"இங்கே வந்த பிறகுதான்."

பென்சிலால் மூன்றையும் அடித்தார். "இது என்னுடைய மூக்கு. உன்னுடையதை எழுது. எழுத முடியாவிட்டால் காலியாக விடு."

வெகுநேரம் காலியாகத்தான் இருந்தது. கோப்பையை வைத்தேன், எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சாராயத்தின் குத்தல் மெல்ல அடங்கியதும் அதற்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது. தெரிந்த வாசம். ஆனால் பெயர் பிடிபடவில்லை. வாசத்துக்கு முன்னால் இடம் வந்தது. மாசிப் பனி, கொல்லை, கால்மாட்டில் காய்ந்த சக்கை. அதற்குப் பிறகுதான் வார்த்தை. இறக்குவதற்குச் சற்று முந்திய பாகு. கையெழுத்து நடுங்க, தமிழிலேயே எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கொட்டை எடுத்து உருட்டிவைத்த பழம்புளி. உலர்ந்த திராட்சை. பாட்டியின் மரப்பெட்டியைத் திறந்தால் வரும் வாசம். கிராம்பு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயின் கனம். கடைசியில், வெகு தூரத்தில், சூளையைத் திறந்த மறுநாள் காலை வாசம்.

அப்புறம்தான் வாய். நாலைந்து துளிதான் இருக்கும். நாக்கில் உட்காரவைத்து, நாக்கு முழுக்கப் பரவும்வரை விழுங்காமல் வைத்திருக்கச் சொன்னார். முதல் நொடி நெருப்பு. இரண்டாவது நொடி வெறும் சூடு. அதற்கப்புறம் இனிப்பு, அதன் பின்னாலேயே வால்மிளகின் உறைப்பு, கடைசியில் கொட்டைப்பாக்கு மென்றது போன்ற துவர்ப்பு. விழுங்கிய பிறகும் நெஞ்சுக்குள் அந்த வெம்மை நடந்துகொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இரண்டு நிமிடம் ஆகியும் வாயில் பாகு இருந்தது. அதுதான் நான்காவது கட்டம், நீடிப்பு.

"இப்போது தண்ணீர்" என்று தேக்கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். விழுந்த இடத்திலிருந்து தண்ணீர் உடனே கலந்துவிடவில்லை. எண்ணெய்க் கம்பிகள் போல நெளிந்து, சுருண்டு, மெல்ல இறங்கியது. கம்பிப் பதம்! வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். துடுப்பு, சட்டி, துளி எல்லாவற்றையும். அவர் தன் நோட்டை எடுத்து அந்த வார்த்தையை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார். மறுபடி முகர்ந்தபோது சூளைப் புகை முன்வாசலுக்கே வந்திருந்தது. காட்டமாக இருந்த கிராம்பு இளகியிருந்தது. எதுவும் நீர்த்துப்போகவில்லை. மூடியிருந்த ஒரு கதவு திறந்தது, அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இருவரும் சேர்ந்து ஒரு பாலாடை அளவுகூடக் குடித்திருக்கமாட்டோம். எழுந்தபோது தலை தெளிவாக இருந்தது. தீ தள்ளும் அண்ணனின் முகம் அன்றைக்கு எனக்கு நினைவு வந்தது. அவர் குடித்தது எதையும் அவர் முகர்ந்ததே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் கவிழ்ப்பார், முகம் சுளிப்பார், உப்பை நக்குவார். சுவையே தெரியக்கூடாது என்று குடிப்பது அது. நான் கற்றுக்கொண்டது அதற்கு நேர் எதிரான வேலை என்பதை அந்தச் சமையலறையில்தான் புரிந்துகொண்டேன். அதனால் என் பழக்கம் அன்றைக்கே அளவு கட்டிக்கொண்டது. வருஷத்தில் சில நாள், ஒரு விரற்கடை, நோட்டோடு.

பிறகு படிக்கப் படிக்க என் நோட்டில் இருந்த வார்த்தைகளுக்கு வேர் தெரிந்தது. சொட்டோலோன் என்றொரு வாசப் பொருள் இருக்கிறது. வெந்தயத்தின் வாசம் அதுதான். சுத்திகரிக்காத பழுப்புக் கரும்புச் சர்க்கரையிலும் இருக்கிறது, ஷெர்ரி மாதிரிக் காற்றுபட்டு முதிரும் ஒயின்களிலும் இருக்கிறது. பெரியப்பாவின் கொப்பரையையும் ஸ்பெயினின் பீப்பாயையும் ஒரே தெருவில் குடிவைக்கிற பொருள். தண்ணீர் விட்டதும் புகை முன்னால் வந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். புகை வாசம் தரும் குவாயக்கால், சாராயம் 45 சதவீதம் வரை இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பில் நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் சாராயம் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துவைத்துக்கொள்கிறது. 60 சதவீதப் புட்டியில் நாலு சொட்டுத் தண்ணீர் ஏன் கதவைத் திறந்தது என்பது பத்து வருஷம் கழித்துப் புரிந்தது.

நம் ஊர்க் கதையும் இதில் இருக்கிறது. எங்கள் கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் 1842இலேயே பாரி நிறுவனம் சர்க்கரை ஆலை போட்டது. பெண்ணாடம் பக்கமும் பிறகு ஆலை வந்தது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரிய பாகுதான் மொலாசஸ். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்றதில் பெரும்பகுதி நெடுங்காலம் அந்த மொலாசஸ் சாராயத்தில் வாசமும் நிறமும் சேர்த்ததுதான். தானியத்திலிருந்து வடிக்காத எதையும் ஐரோப்பா விஸ்கி என்று ஏற்பதில்லை. எங்கள் கரும்பு வாசம் உண்மையில் எதில் இருக்க வேண்டுமோ அதில் இல்லை. ஏழு கடல் தாண்டி, கரும்பே விளையாத ஒரு குளிர் நாட்டில், வாற்கோதுமையில் வடித்ததில் நான் அதைக் கண்டேன். காரணம் கரும்பில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. அந்தக் கவனம் நம் மண்ணுக்கும் வந்தது. பெங்களூரின் அம்ருத் வடிசாலை வாற்கோதுமையிலிருந்தே வடித்த சிங்கிள் மால்ட்டை 2004இல் கிளாஸ்கோவில், ஸ்காட்ச்சின் வீட்டு வாசலிலேயே, முதலில் விற்பனைக்கு வைத்தது. பெங்களூர் வெயிலில் தேவதைகளின் பங்கு வருஷத்துக்குப் பத்து சதவீதத்தையும் தாண்டும். அதனால் நாலைந்து வருஷத்திலேயே மரம் தன் பேச்சை முடித்துவிடும். அங்கேயும் நேரத்தைத் தவறவிடாமல் இறக்கத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களுடைய 61.8 சதவீத காஸ்க் ஸ்ட்ரெங்த்தைப் பிறகு ஒருநாள் முகர்ந்தபோது நோட்டில் முதலில் எழுதியது: பனங்கற்கண்டு.

2008 தையில் ஊருக்குப் போனபோது பெட்டியில் ஒரு 105 இருந்தது. அம்மாவிடம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்பே கரையில் அவளை நினைத்துக்கொண்டது உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஊட்டுக்குள்ள வேணாம்ப்பா. பெரியப்பாகிட்ட காட்டணும்னா கொல்லைக்கு எடுத்துக்கினு போ" என்றாள்.

பெரியப்பாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. ஆலை போடுவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கொப்பரை மட்டும் வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகிலேயே உட்காரவைத்தேன். வாழ்நாளில் குடித்தறியாதவர். "குடிக்க வேணாம் பெரியப்பா, பதம் மட்டும் பாரு" என்று ஒரு விரற்கடை ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைச் சுற்றிப் பார்த்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோப்பையைத் தானாகவே நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, அங்கிருந்து மெல்ல மேலே கொண்டுவந்தார்.

ஸ்காட்லாந்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். செம்புப் பானை, அடியில் நேர்த்தீ, உள்ளே சுற்றும் சங்கிலி. சங்கிலி என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உள்ள ஓடிக்கினே இருக்குமா?"

"ஆமா பெரியப்பா. தீ எரியற வரைக்கும்."

"அடிப் புடிக்காம இருக்க" என்றார். கேள்வியாக இல்லை.

மறுபடி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு, "தண்ணி வுடு" என்றார். சொம்பிலிருந்து விரலால் நாலு சொட்டு விட்டேன். கம்பிகள் நெளிந்து இறங்குவதைக் கோப்பையை உயர்த்திப் பார்த்தார். பற்கள் போன வாய் சிரித்தது. இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, சிந்தாமல் என்னிடம் நீட்டினார்.

"நின்னு காய்ச்சியிருக்கான்டா."

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். நிறம், மூக்கு, வாய், நீடிப்பு என்ற நான்கு கட்டங்களுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று வரைந்தேன். பெரியப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் புதிதாக ஒன்றை முகர்ந்து பார்த்தால், மற்ற நான்கையும் எழுதிவிட்டு அந்தக் கட்டத்துக்கு வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை முகர்கிறேன். அதில் எழுத இரண்டே வார்த்தைகள்தான் இருக்கின்றன. அவசரப்பட்டு எழுதிவிடக்கூடாது.